உலகப் பொது அடாப்டர்: சிங்கப்பூர் வீட்டில் அதற்கு ஒரு வாரம்தான் வேலை

சென்னை ரிச்சி தெருவிலும் விமான நிலையக் கடைகளிலும், இங்கே சிராங்கூன் சாலையிலும் தொங்கும் அந்தச் சதுரக் கட்டியைப் பார்க்காதவர் குறைவு. ஒரு பக்கம் பல நாட்டுப் பிளக்குகள் நுழையும் துளைகள். மறுபக்கம், விளிம்பில் இருக்கும் பொத்தானைத் தள்ளினால் ஏதாவது ஒரு நாட்டின் பின் வெளியே வரும். கீழே இரண்டு மூன்று யூஎஸ்பி துளைகள். சிங்கப்பூரில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் இதில் நான்கைந்தை வாங்கிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, மிக்சி முதல் டிவி வரை எல்லாப் பிரச்சினையும் தீர்ந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பயணத்துக்கும் வந்திறங்கிய முதல் வாரத்துக்கும் இது நல்ல பொருள். ஒன்று வாங்குங்கள். வீட்டில் நிரந்தரமாகச் செருகி வைக்க இது ஏற்றதல்ல. அதற்கு இதைவிட மலிவான, பாதுகாப்பான வழிகள் இருக்கின்றன.

நல்ல செய்தி ஒன்று உண்டு. இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் மின்சாரம் ஒன்றேதான்: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர், கன்வெர்ட்டர் எதுவும் வேண்டாம். மிக்சி அதே வேகத்தில் சுற்றும், குக்கர் அதே சூட்டில் வேகவைக்கும். வேறுபடுவது பின்னின் வடிவம் மட்டும். இந்தியாவில் மூன்று உருண்டைப் பின்கள், அதிலும் 6 ஆம்பியருக்கு ஒரு அளவு, 16 ஆம்பியருக்குப் பெரிய அளவு. இங்கே மூன்று பட்டைப் பின்கள் கொண்ட 13 ஆம்பியர் பிரிட்டிஷ் பிளக். அதற்குள் ஒரு ஃபியூஸ் இருக்கும். இந்தியப் பிளக்கில் ஃபியூஸ் கிடையாது. பிறகு வரும் பல விஷயங்களுக்கு இந்த ஒரு வேறுபாடுதான் வேர்.

அடாப்டர் எங்கே தோற்கிறது

முதல் குறை, எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை நிலத்துக்கு அனுப்பும் பாதுகாப்பு இணைப்பு. தள்ளினால் பின் வரும் வகை அடாப்டர்களில் பெரும்பாலானவற்றில் மேலே நிற்கும் மூன்றாவது பின் வெறும் பிளாஸ்டிக். சுவர் சாக்கெட்டின் உள்ளே இருக்கும் தடுப்பைத் திறப்பது மட்டுமே அதன் வேலை, அதன் வழியே எர்த் இணைப்பு போகாது. போன் சார்ஜருக்கு எர்த் தேவையில்லை. இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, உலோக உடல் கொண்ட எதுவானாலும் எர்த் வேண்டும். கடையில் கையில் எடுத்ததும் அந்தப் பின்னைப் பாருங்கள். உலோகமாக இல்லையென்றால் அது எலக்ட்ரானிக் பொருளுக்கு மட்டும்தான்.

இரண்டாவது, பிடி. எல்லா நாட்டுப் பின்னும் நுழைய வேண்டும் என்பதற்காக உள்ளே இருக்கும் தகடு எதையும் இறுக்கிப் பிடிப்பதில்லை. பின்னும் தகடும் தொடும் பரப்பு சிறியதாக இருந்தால் அந்த இடம் சூடாகும். சூடேறச் சூடேறத் தகடு தளரும், தளர்ந்தால் இன்னும் சூடாகும். பழைய அடாப்டரின் துளை ஓரம் பழுப்பாகியிருந்தால் காரணம் இதுதான். அதை உடனே தூக்கிப் போடுங்கள்.

மூன்றாவது, இந்திய மூன்று பின் பிளக் பல உலக அடாப்டர்களில் நுழைவதே இல்லை. ஐரோப்பிய இரு பின் பிளக்கின் தடிமன் 4 மில்லிமீட்டர். இந்திய 6 ஆம்பியர் பின் 5.1 மில்லிமீட்டர், அதன் எர்த் பின் 7.1. குக்கரோ இண்டக்‌ஷனோ 16 ஆம்பியர் பிளக்கோடு வந்தால் பின் 7.1, எர்த் 8.7. அட்டையில் இந்தியாவின் பெயர் இருந்தாலும், பெரும்பாலும் அது இந்தியாவுக்குப் போகிறவருக்கு வேண்டிய பின்னைச் சொல்கிறதே தவிர, இந்தியாவிலிருந்து வரும் பிளக்குக்கான துளையைச் சொல்லவில்லை. கடைக்குப் போகும்போது மிக்சியின் பிளக்கைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் ஒரு பழைய பிளக்கையே கையில் கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள்.

நான்காவது, தாங்கும் அளவு. உள்ளே இருக்கும் சிறு ஃபியூஸில் 6.3, 8, 10 ஆம்பியர் என்று ஏதாவது ஒன்று எழுதியிருக்கும். வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 750 வாட் மிக்சி 3.3. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி 4.3. 1,500 வாட் கெட்டில் 6.5. 2,000 வாட் இண்டக்‌ஷன் 8.7. காகிதத்தில் கணக்கு சரியாக வந்தாலும், இறுக்கமில்லாத தகட்டில் அரை மணி நேரம் 8 ஆம்பியர் ஓடுவதற்கு இந்தக் கட்டி செய்யப்படவில்லை.

யூஎஸ்பி துளைகள்தான் இதில் உண்மையாகப் பயன்படுபவை. விமான நிலையத்திலும் விடுதியிலும் இரண்டு போனையும் ஒரு டேப்லெட்டையும் ஒரே கட்டியில் போடலாம். 65 வாட் யூஎஸ்பி-சி உள்ள வகை லேப்டாப்பையும் சார்ஜ் செய்யும், ஆனால் நன்றாகச் சூடாகும். தலையணைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

அடாப்டருக்கு முன்னால் முயல வேண்டியவை

பலருக்குத் தோன்றாத வழி, வயரை மட்டும் மாற்றுவது. லேப்டாப்பின் கறுப்புச் செங்கல் போன்ற சார்ஜர், மானிட்டர், பிரிண்டர், கேம் கன்சோல், பல ரைஸ் குக்கர்கள் எல்லாவற்றிலும் கரண்ட் வயர் தனியாகக் கழன்று வரும். பொருளின் பக்கம் இருக்கும் முனை உலகம் முழுக்க மூன்று நான்கு வடிவங்கள்தான். மூன்று வட்டம் சேர்ந்தது போல இருப்பது லேப்டாப் முனை, கடைக்காரர்கள் இதை மிக்கி மவுஸ் என்பார்கள். எட்டு போல இருப்பது பிளேஸ்டேஷன் 5-க்கும் பல டிவிகளுக்கும். பட்டையான மூன்று துளை கொண்டது மானிட்டருக்கும் மேசைக் கணினிக்கும். இந்த முனையைக் காட்டி, சிங்கப்பூர் பிளக் உள்ள வயர் என்று கேட்டால் சில வெள்ளியில் (சிங்கப்பூர் டாலரில்) கிடைத்துவிடும். எர்த், ஃபியூஸ் இரண்டும் முறையாக அமைந்துவிடும். அடாப்டர் என்ற பேச்சே இல்லை.

போன் சார்ஜரைப் பொறுத்தவரை இந்தியச் சார்ஜர்களை அங்கேயே விட்டுவிட்டு, கேபிளை மட்டும் கொண்டு வாருங்கள். இங்கே ஒரு நல்ல பல துளைச் சார்ஜர் வாங்கினால் குடும்பத்தின் நான்கு போனுக்கும் அதுவே போதும். சிங்கப்பூரில் சார்ஜர், 13 ஆம்பியர் பிளக், எக்ஸ்டென்ஷன் போன்றவற்றைப் பாதுகாப்புச் சின்னத்தோடு பதிவு செய்துதான் விற்க வேண்டும். பொருளின் மேல் அந்தச் சின்னமும் ஆறு இலக்கம், ஒரு கோடு, இரண்டு இலக்கம் என்ற பதிவு எண்ணும் இருக்கும். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து நேராக வரும் மலிவுச் சார்ஜர்களில் இது பெரும்பாலும் இருக்காது.

வயர் கழலாத பொருட்களுக்கு, அதாவது மிக்சி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றுக்கு, பிளக்கையே மாற்றுவதுதான் சரி. இந்தியப் பிளக்கை வெட்டிவிட்டுப் புதிய 13 ஆம்பியர் பிளக் மாட்ட வேண்டும். பத்து நிமிட வேலை. கை பழகாதவர்கள் வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) பேட்டையில் இருக்கும் ஹார்ட்வேர் கடையில் கேட்டால் மாட்டித் தருவார்கள். தாமே செய்கிறவர்களுக்கு முறை இது.

பொருள் சுவரில் செருகப்படாமல் இருப்பதை முதலில் பாருங்கள். பழைய பிளக்கை ஒட்ட வெட்டுங்கள். வெளி உறையை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் உரியுங்கள். உள்ளே மூன்று வயர். புதிய வகையென்றால் பழுப்பு, நீலம், பச்சை மஞ்சள் கோடு. பழைய இந்திய வயரில் சிவப்பு, கறுப்பு, பச்சை. சிவப்புக்குப் பழுப்பும், கறுப்புக்கு நீலமும் இணை. பிளக்கின் மூடியைத் திறந்து, உள்புறம் உங்களைப் பார்க்க, எர்த் மேலே இருக்கும்படி பிடியுங்கள். ஃபியூஸ் இருக்கும் பக்கம் வலது. அங்கே பழுப்பு அல்லது சிவப்பு. இடது கீழே நீலம் அல்லது கறுப்பு. மேலே பச்சை. ஒவ்வொரு வயரின் நுனியிலும் 6 முதல் 8 மில்லிமீட்டர் செம்பு மட்டும் தெரிந்தால் போதும். இழைகளை முறுக்கிச் செருகித் திருப்புளியால் இறுக்குங்கள். ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பச்சை வயரைக் கொஞ்சம் நீளமாக, தளர்வாக விடுங்கள். வயரை யாராவது இழுத்துவிட்டால் கடைசியாகக் கழல்வது எர்த்தாக இருக்க வேண்டும் என்பதற்காக. கீழே இருக்கும் பிடிப்பான் வெளி உறையைக் கடித்துப் பிடிக்க வேண்டும், உள் வயர்களை அல்ல. இங்கேதான் அவசரக்காரர்கள் தவறு செய்கிறார்கள். உறையை அளவுக்கு மேல் உரித்துவிட்டால் பிடிப்பானுக்குள் உள் வயர் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் திருகாணியில் விசை விழும்.

ஃபியூஸ் எது? பிளக்கோடு பெரும்பாலும் 13 ஆம்பியர் வரும். சிறு மின்விசிறி, டிவி, 700 வாட்டுக்குக் கீழே உள்ளவற்றுக்கு 3 ஆம்பியர். 750 வாட் மிக்சிக்கு 5 ஆம்பியர் பொருத்தம். கெட்டியான தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது அது அடிக்கடி போனால், வயர் தடிமனாக இருப்பதை உறுதி செய்துகொண்டு 13 போடலாம். இஸ்திரிப் பெட்டி, கெட்டிலுக்கு 13.

இந்த ஃபியூஸை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், சிங்கப்பூர் வீட்டில் சாக்கெட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் பிரேக்கர் 20 அல்லது 32 ஆம்பியர். அது சுவருக்குள் இருக்கும் தடித்த வயரைத்தான் காக்கும். மிக்சியின் மெல்லிய வயர் நசுங்கி உள்ளே லேசாக ஒட்டினால், 32 ஆம்பியர் பிரேக்கர் விழுவதற்குள் வயர் உருகிவிடலாம். மெல்லிய வயரைக் காப்பது பிளக்குக்குள் இருக்கும் அந்தச் சிறு ஃபியூஸ் மட்டும். எர்த் துளையில் பேனா நுனியைக் குத்தித் தடுப்பைத் திறந்து, இந்திய இரு பின் பிளக்கை நேரே செருகும் பழக்கம் ஆபத்தாவது இதனால்தான். அங்கே ஃபியூஸும் இல்லை, எர்த்தும் இல்லை, உருண்டைப் பின்னுக்கும் பட்டைத் தகட்டுக்கும் நல்ல தொடுகையும் இல்லை. தகடு விரிந்துவிட்டால் பிறகு சரியான பிளக் செருகினாலும் அந்தச் சாக்கெட்டில் பொறி பறக்கும். வாடகை வீடென்றால் அதற்கான செலவு உங்கள் முன்பணத்தில் கழியும். சுவர் சாக்கெட்டை நீங்களே மாற்றவும் கூடாது. அது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை.

இந்தியாவிலிருந்து ஸ்பைக் பஸ்டர் கொண்டுவந்து, அதன் பிளக்கை மட்டும் மாற்றி நான்கு பொருளை ஓட்டும் யோசனை பரவலாக இருக்கிறது. டிரிம்மர், ரௌட்டர் போன்ற சின்னச் சின்னப் பொருளுக்குச் சில நாள் ஓடும். சமையலறைக்கு வேண்டவே வேண்டாம். இங்கே விற்கும் பதிவு பெற்ற எக்ஸ்டென்ஷனை வாங்குங்கள், மொத்தச் சுமை 3,000 வாட்டைத் தாண்டாமல் பாருங்கள், ஒரு எக்ஸ்டென்ஷனில் இன்னொன்றைச் செருகாதீர்கள்.

கிரைண்டர் போட்டதும் வீடு இருண்டால்

பிளக்கைச் சரியாக மாற்றியும், கிரைண்டரை இயக்கிய நொடியில் வீடு முழுக்கக் கரண்ட் போவது உண்டு. பிளக்கையோ அடாப்டரையோ குறை சொல்வார்கள். காரணம் கதவருகே இருக்கும் மின்பெட்டியில் உள்ள ஆர்சிசிபி. 30 மில்லி ஆம்பியர் அளவு மின்கசிவு எர்த்துக்குப் போனாலே அது துண்டித்துவிடும். 2025 ஜூலை முதல் சிங்கப்பூரின் எல்லா வீடுகளிலும் இது கட்டாயம். ஊரில் பல பழைய வீடுகளில் இது இல்லாததால், அங்கே கசிந்துகொண்டே ஓடிய கிரைண்டர் இங்கே வந்ததும் பிடிபடுகிறது.

பெரும்பாலும் காரணம் ஈரம். கப்பலில் பெட்டிக்குள் வியர்த்த மோட்டார், அல்லது கழுவும்போது அடியில் புகுந்த தண்ணீர். ஒரு நாள் முழுக்கக் காற்றோட்டத்தில் காயவைத்துப் பிறகு முயலுங்கள். அப்போதும் துண்டித்தால் மோட்டாரின் இன்சுலேஷன் போயிருக்கிறது, பழுதுபார்க்க வேண்டும். எர்த் வயரைக் கழற்றிவிட்டால் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆர்சிசிபி துண்டிப்பது நிற்கும், கசிவு நிற்காது. அடுத்து அது போகும் வழி கிரைண்டரைத் தொடுகிறவரின் உடல்.

பொதுவாகவே கிரைண்டரைச் சுமந்து வர வேண்டுமா என்று யோசியுங்கள். லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கத்துக் கடைகளிலும் முஸ்தபா பேரங்காடியிலும் இந்திய வகை மிக்சி, கிரைண்டர் சிங்கப்பூர் பிளக்கோடு கிடைக்கின்றன. கல்லின் எடைக்கு விமானத்தில் கட்டும் கூடுதல் காசு, இங்கே வாங்கும் வித்தியாசத்தை விழுங்கிவிடும். இந்திய வாரண்ட்டியும் இங்கே பெரும்பாலும் செல்லாது.

எங்கே வாங்குவது

சயீத் ஆல்வி சாலையில் இருக்கும் முஸ்தபா இரவு வெகுநேரம் திறந்திருக்கும், எல்லா நாட்டு அடாப்டரும் ஒரே இடத்தில். ஊருக்குத் திரும்புகிறவருக்கு இங்கிருந்து இந்தியாவுக்கான அடாப்டர் வாங்கவும் இதுவே வசதி. ஆனால் வயர் முனை, ஃபியூஸ், கழற்றி மாட்டும் பிளக் போன்ற உதிரிகளுக்கு சிம் லிம் டவர்தான் இடம். ரோச்சோர் எம்ஆர்டியில் இறங்கி நடந்தால் ஜாலான் புசாரில் வரும். எதிரே இருக்கும் சிம் லிம் ஸ்குவேரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஸ்குவேர் கணினிக்கும் கேமராவுக்கும், டவர் உதிரிப் பாகங்களுக்கு. டவரில் பொருளைக் கையில் காட்டினாலே போதும், பெயர் தெரிய வேண்டியதில்லை. விலை உயர்ந்த எதையும் வாங்கும்போது மட்டும், எந்தக் கடையானாலும், மொத்த விலையும் வாரண்ட்டியும் ரசீதில் எழுதப்பட்ட பிறகே பணம் கொடுங்கள்.

கரண்ட் வந்தது, படம் வரவில்லை

எந்த அடாப்டரும் தீர்க்காத பகுதி இது. டிவியைக் கப்பலேற்றுகிறவர்கள் இதைக் கிளம்பும் முன் படிக்க வேண்டும்.

சிங்கப்பூரின் இலவசத் தொலைக்காட்சி மின்னிலக்க முறையில் டிவிபி-டி2 என்ற தரத்தில் வருகிறது. பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 ஜனவரியோடு முடிந்துவிட்டது. தமிழ் ஒளிவழியான வசந்தம் உள்ளிட்டவற்றை ஆன்டெனாவில் பார்க்க, அந்தத் தரத்தைப் பிடிக்கும் டியூனர் டிவிக்குள் இருக்க வேண்டும். இந்தியாவில் டிஷ்ஷும் கேபிளும்தான் வழக்கம் என்பதால், அங்கே விற்ற பல மாடல்களில் இது இல்லை, அல்லது அனலாக் மட்டும். டிவியின் பின்புற லேபிளிலோ கையேட்டிலோ டிவிபி-டி2 என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றாலும் கவலை வேண்டாம். ஒரு மின்னிலக்க செட்-டாப் பாக்ஸும் ஜன்னலோர ஆன்டெனாவும் எச்டிஎம்ஐ வழியே வேலையை முடித்துவிடும். இணையம் இருந்தால் மீவாட்ச் செயலியிலும் வசந்தம் வரும். இந்திய டிவியின் ஆப் ஸ்டோரில் அது காணப்படாவிட்டால் போனிலிருந்து டிவிக்குக் காஸ்ட் செய்யலாம்.

வீட்டு டிஷ்ஷைக் கழற்றிக் கொண்டுவருவது வீண். சிங்கப்பூரில் தனியார் வீடுகளில் உரிமமின்றிச் செயற்கைக்கோள் டிஷ் வைக்க அனுமதி இல்லை. ஊரில் இணைய நிறுவனம் கொடுத்த ரௌட்டர் பெட்டியையும் அங்கேயே திருப்பிக் கொடுத்து முன்பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ் வானொலியான ஒலி 96.8 கேட்க இந்திய எஃப்எம் ரேடியோ அப்படியே போதும்.

டிவிடி, புளூ-ரே சேர்த்து வைத்திருக்கிறவர்களுக்கு வட்டாரக் குறியீடு என்ற தொல்லை உண்டு. டிவிடியில் இந்தியா 5-ஆம் வட்டாரம், சிங்கப்பூர் 3. புளூ-ரேயில் இந்தியா சி, சிங்கப்பூர் ஏ. எனவே இந்திய வட்டாரக் குறியீடு போட்ட தட்டு வேண்டுமென்றால் இந்திய பிளேயரையும் கூடவே கொண்டு வாருங்கள். உறையில் பூமி உருண்டைக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள், எல்லா வட்டாரத்துக்கும் என்று இருந்தால் பிரச்சினையே இல்லை. 4கே புளூ-ரே தட்டில் இந்தக் குறியீடே கிடையாது. கணினியின் டிவிடி டிரைவில் வட்டாரத்தை ஐந்து முறைதான் மாற்றலாம், ஐந்தாவது முறை வைத்தது நிலைத்துவிடும். விளையாட்டாக மாற்றிப் பார்க்காதீர்கள். திருட்டுப் பிரதித் தட்டுகளைப் பெட்டியில் போடவே போடாதீர்கள். அவற்றைக் கொண்டுவருவது சிங்கப்பூர்ச் சுங்கத்தில் தடை செய்யப்பட்டது.

கேம் கன்சோலில் தட்டு எந்த நாட்டுடையதானாலும் பிளேஸ்டேஷன் 5, நின்டெண்டோ ஸ்விட்ச் இரண்டிலும் ஓடும். சிக்கல் கூடுதல் உள்ளடக்கத்தில். பிளேஸ்டேஷனில் இந்தியாவில் வாங்கிய தட்டுக்குச் சிங்கப்பூர்க் கணக்கில் வாங்கிய கூடுதல் பகுதி ஒட்டாமல் போகலாம், வட்டாரம் பொருந்த வேண்டும். பரிசு அட்டையும் எந்த நாட்டுக் கணக்கோ அந்த நாட்டுடையதாக இருக்க வேண்டும். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு அட்டை வாங்கும் உறவினர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கணக்குகளும் இந்தியச் சிம்மும்

படத் தளங்கள் உரிமத்தை நாடு வாரியாக வாங்குகின்றன. இந்தியாவில் கட்டிய ஆண்டுச் சந்தா இங்கே அப்படியே ஓடும் என்று எண்ணாதீர்கள். புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்துங்கள். நெட்ஃபிளிக்ஸ் கணக்கை இந்த ஊருக்கு மாற்ற வேண்டுமானால் ரத்து செய்து, கட்டிய காலம் முடிந்தபின் இங்கிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். ஸ்பாட்டிஃபை இலவசக் கணக்கு வெளிநாட்டில் 14 நாள்தான், பிறகு நாட்டை மாற்றச் சொல்லும்.

கூகுள் பிளேயில் நாட்டை ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும், பழைய நாட்டு இருப்புத் தொகை அங்கேயே நின்றுவிடும். ஆப்பிளில் மீதிப் பணத்தைச் செலவழித்து, சந்தாக்களை முடித்து, குடும்பப் பகிர்விலிருந்து வெளியே வந்த பிறகே மாறும். இந்திய வங்கிச் செயலிகள் சில இந்திய ஸ்டோரில் மட்டுமே இருக்கும். அதனால் பழைய கணக்கை இந்தியாவிலேயே விட்டுவிட்டு, சிங்கப்பூருக்குப் புதிதாக ஒரு கணக்கு தொடங்குவது மேல். ஆண்ட்ராய்டில் இரண்டு கூகுள் கணக்கும் ஒரே போனில் நிம்மதியாக இருக்கும்.

இந்தியச் சிம்மைத் தூக்கி எறியாதீர்கள். வங்கி ஓடிபி அதில்தான் வரும். விமானம் ஏறும் முன்பே, இந்தியாவில் இருக்கும்போதே ரோமிங்கை இயக்கி வையுங்கள். எண் செத்துப்போகாத குறைந்தபட்சத் திட்டத்தைத் தொடருங்கள். மின்னஞ்சல், சமூக வலைத்தளங்களின் இரட்டைப் பூட்டை எஸ்எம்எஸ்ஸிலிருந்து ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு மாற்றிவிடுங்கள். பெற்றோரை அழைத்து வருகிறவர்களுக்கு ஒரு சொல்: சிங்கப்பூரில் 2ஜி 2017-லும் 3ஜி 2024-லும் நின்றுவிட்டன. அப்பாவின் பழைய பொத்தான் போன் 2ஜி வகையென்றால் இங்கே அது கடிகாரம் மட்டுமே. 4ஜி வோல்ட்இ (4ஜி வழியே பேசும் வசதி) உள்ள பொத்தான் போன் வாங்கிக் கொடுங்கள்.

பெட்டி கட்டுவது

பவர் பேங்கும் தனி பேட்டரிகளும் கைப்பையில் மட்டும்தான், விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் போட்டால் எடுத்துவிடுவார்கள். வரம்பு 100 வாட்-மணி. மில்லி ஆம்பியர் மணியை 1,000-ஆல் வகுத்து 3.7-ஆல் பெருக்குங்கள்: 20,000 என்றால் 74, தாராளமாகப் போகலாம். 30,000 என்றால் 111, விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். எழுத்து அழிந்துபோன பவர் பேங்கைக் கொண்டுபோகவே வேண்டாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் இரண்டிலும் 2025 ஏப்ரல் முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தவோ சார்ஜ் செய்யவோ கூடாது.

டிவியை அதன் சொந்த அட்டைப்பெட்டியில், நிமிர்த்தியே வையுங்கள். படுக்கவைத்த பேனல் நடுவில் அழுந்தி உடையும். கால்களைக் கழற்றித் திருகாணிகளை ஒரு சிறு பையில் போட்டு டிவியின் பின்னாலேயே ஒட்டுங்கள். பின்புற கேபிள்களைக் கழற்றும் முன் ஒரு படம். வந்து இறங்கியதும் உடனே போடாமல் ஒரு நாள் விடுங்கள், உள்ளே படிந்த ஈரம் போகட்டும். கப்பல் காப்பீட்டில் நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததற்கு இழப்பீடு பெரும்பாலும் கிடைக்காது. டிவியையும் ஒலிபெருக்கியையும் மட்டுமாவது பொருளை அனுப்பும் நிறுவனத்தாரைக் கொண்டே கட்டச் சொல்லுங்கள், பட்டியலில் மாடல் எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். குடும்பப் படங்கள் உள்ள ஹார்ட் டிஸ்க் ஒன்று கைப்பையில், அதன் நகல் வேறொரு இடத்தில்.

குடிபெயர்ந்து வருகிறவர் மூன்று மாதத்துக்கு மேல் தாமே வைத்துப் பயன்படுத்திய வீட்டுப் பொருளுக்கு, முதல் வருகையிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொண்டுவந்தால், 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரியிலிருந்து நிவாரணம் கோரலாம். கொண்டுவந்த மூன்று மாதத்துக்குள் விற்கக் கூடாது. புறப்படும் வாரத்தில் புத்தம் புதிதாய் வாங்கிய டிவி இந்தச் சலுகைக்குள் வராது. வாங்கிய ரசீதுகளைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலிருந்தும், திரும்பி ஊருக்கும்

அமெரிக்கா, கனடாவிலிருந்து சிங்கப்பூர் வருகிறவர்களுக்குக் கதை முற்றிலும் வேறு. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். உலக அடாப்டர் வோல்ட்டை மாற்றாது. 100-240 என்று லேபிளில் இல்லாத பொருளை அதில் செருகினால் சில நொடியில் கருகும். லேப்டாப், போன், புதிய கன்சோல்களில் 100-240 இருக்கும். அங்கே வாங்கிய மிக்சி, குக்கர், முடி உலர்த்தியில் பெரும்பாலும் இருக்காது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினாலும் அது வோல்ட்டை இறக்குமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. மின்சாரத்தின் ஹெர்ட்ஸை எண்ணி ஓடும் கடிகாரம் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். பழைய வகை ரெக்கார்டு பிளேயரில் பாட்டு தாழ்ந்த சுருதியில் இழுக்கும். மைக்ரோவேவ் அளவுக்கு மேல் சூடாகும். சூடேற்றும் பொருள் எதற்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவது நட்டம், விற்றுவிட்டு வாருங்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்புகிறவர்களுக்கு வோல்ட் பிரச்சினை இல்லை. ஆனால் பிளக்கை வெட்டி இந்திய மூன்று பின் மாட்டும்போது ஃபியூஸ் போய்விடுகிறது. எனவே விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபையர், டிவி போன்றவற்றின் 13 ஆம்பியர் பிளக்கை வெட்டாமல் வைத்து, எர்த் பின் உலோகமாக உள்ள, ஒரே நாட்டுக்கான நேரடி அடாப்டரில் செருகுங்கள். 2,000 வாட் கெட்டிலுக்கு 6 ஆம்பியர் அடாப்டர் வேண்டாம், 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கான பெரிய பின் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். ஊர் வீட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சாக்கெட்டில் மூன்று துளை இருந்தும் பின்னால் பச்சை வயர் இணைக்கப்படாத வீடுகள் இன்னும் இருக்கின்றன.